தூக்காமல் நித்திரையான பிள்ளை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாருக்கு,

என்னை எழுதச் சொன்னவர்கள், எத்தனை பிரசவம் பார்த்தேன் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டார்கள். நான் எண்ணவில்லை. எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமும் இருக்கவில்லை, ஆசையும் இருக்கவில்லை. பிள்ளை பிறப்பது பெரும்பாலும் தானாகவே நடக்கும். நாங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருகிற வாரங்களில்தான் எங்கள் புத்திக்கு வேலை. அந்த வேலைக்காக எவரும் எங்களுக்கு மாலை போடுவதில்லை. ஆகவே நான் அதைப் பற்றித்தான் எழுதுவேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கலியாணம் செய்யவில்லை, பிள்ளை பெறவில்லை. "பெத்துப் பாக்காத உங்களுக்கு என்ன தெரியும் மிஸ்ஸி" என்று என்னைக் கேட்காத தெருவோ ஒழுங்கையோ திருகோணமலைப் பட்டினத்தில் இல்லை. உங்களில் சிலரையும் கேட்பார்கள். முகம் வாடாதீர்கள். பல் பிடுங்குகிறவரிடம் போய், உங்களுக்கு எத்தனை பல் விழுந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை.

இன்று உங்களுக்குப் பெரிய பதவிப் பெயர் இருக்கிறது. அன்று நாங்கள் வெறும் மருத்துவிச்சிகள், சனங்களின் வாயில் மிஸ்ஸி. பாலையூற்றில் இருந்த என் அறையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டுத் துறைமுகத்துக் கரையோர வீடுகளுக்குப் போவேன். பிறந்த பிள்ளையைத் தூக்க விடாதவள் என்று அந்தப் பக்கமெல்லாம் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது அரைக் கதை. துறைமுகக் கந்தோரில் வேலை செய்த ஒருவர், ஏதோ இங்கிலீசுப் புத்தகத்தைப் படித்துவிட்டு, நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம்தான் பால், நடுவில் பிள்ளை கத்தினாலும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தார். நான் போனபோது பிள்ளை வற்றிப்போய்க் கிடந்தது. சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை அவருடைய கையிலேயே கொடுத்தேன். "பிள்ளைக்குப் பசிக்கிற நேரம் இதுக்குத் தெரியாது" என்றேன். அவர் என்மேல் முறைப்பாடு செய்தார். செய்யட்டும். பசிக்கிற பிள்ளையையும் நோகிற பிள்ளையையும் காய்ச்சல்காரப் பிள்ளையையும் அந்த நிமிடமே தூக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கதை கிடையாது. நான் பிடிவாதம் பிடித்ததெல்லாம் நித்திரைக்கு மட்டும்தான்.

அந்தப் பிடிவாதத்தை நான் ஏன் இன்னும் விடவில்லை என்பதற்கு ஒரு வீட்டின் கதையைச் சொல்லுகிறேன்.

வெள்ளைக்காரனின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. டைனமைற் போட்டு மீன் பிடிப்பது அந்தக் காலத்தில் கரையெங்கும் நடந்தது. தடை இருந்தது. தடை இருக்க அதுபாட்டுக்கு நடந்தது. திரி எரிந்து முடிவதற்குள் எறிந்துவிட வேண்டும். தங்கராசா ஒருநாள் எறியப் பிந்திவிட்டார். வலது கை முழங்கையோடும் இடது கை மணிக்கட்டோடும் போய்விட்டன. உயிர் மிஞ்சியது. அவருடைய மனைவி பாக்கியம் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

பிள்ளை ஆண், நல்ல நிறை, நல்ல குரல். பிறந்து ஒரு கிழமைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். தாய் சுவரில் சாய்ந்து இருந்தபடியே கண் மூடியிருந்தாள். பிள்ளை பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் இருந்தது. அவள் எழும்பினால் அடுத்தவள் வாங்குவாள். அந்த ஒழுங்கை முழுவதும் முறைபோட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தது. கையில்லாத தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை என்ற இரக்கம். பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை பாயில் முதுகு படக் கிடந்ததே இல்லை.

நான் வாங்கிப் பாயில் கிடத்தினேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை முகத்தைச் சுளித்து அனுங்கியது. உடனே மூன்று பேர் பாய்ந்தார்கள். ஒருத்தி தூக்கிவிட்டாள். தூக்கியதும் பிள்ளை கண் திறந்து, உண்மையாகவே அழத் தொடங்கியது.

"பாத்தீங்களோ மிஸ்ஸி, பாயில வளர்த்தினா அழுகுது" என்றாள் அவள்.

பிறந்த பிள்ளைகள் நித்திரையிலேயே அனுங்கும், முக்கும், காலை உதைக்கும். அதெல்லாம் விழிப்பு அல்ல. இவர்கள் நித்திரையில் கிடந்த பிள்ளையைத் தட்டி எழுப்பிவிட்டு, நித்திரை கொள்ளுதில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்ட எண்ணமென்றால் ஏசிவிட்டுப் போகலாம். நல்ல மனசோடு செய்கிறவர்களை என்ன செய்வது?

தங்கராசா வாசலில் குந்தியிருந்தார். இரண்டு கையையும் ஒரு துவாய்த் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தார். பிள்ளையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வெளியே வந்தபோது பாக்கியம் எனக்குப் பின்னால் வாசல் படலைவரை வந்தாள்.

"அண்ணன் குச்சவெளியிலயிருந்து வந்தவர் மிஸ்ஸி. முப்பத்தொண்டுக்குத் திரும்பி வாறாராம். வந்து என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகப் போறாராம்."

"உம்முடைய புருசன்?"

"அவர் தமையன் வீட்டில இருக்கட்டுமாம். கையில்லாதவனை நம்பிப் பிள்ளையை விட்டிட்டு நீ எப்பிடி வேலைக்குப் போவாய் எண்டு அண்ணன் கேக்கிறார். நான் கருவாட்டு வாடிக்குப் போகாட்டி இஞ்சை உலை வைக்க ஏலாது. நான் போனா இவன் அழேக்க ஆர் தூக்கிறது? ஒழுங்கைச் சனம் எத்தினை நாளைக்கு மிஸ்ஸி?"

"நீர் போக விரும்பிறீரோ?"

"இல்லை" என்றாள். "ஆனா என்ரை மனுசனே போகச் சொல்லுறார்."

முப்பத்தொன்று என்றால் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், பிரசவத் துடக்கு, தீட்டு, கழிக்கிற நாள். அதற்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. அண்ணன் நாகமணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வில்லன் இல்லை. கொஞ்சம் வயலும் ஒரு வள்ளமும் உள்ள, தங்கச்சிமேல் உயிரையே வைத்திருந்த மனிதர். அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

எனக்கு மேலே இருந்த மேற்பார்வைத் தாதியும் அதைத்தான் சொன்னார். "தாயும் பிள்ளையும் சாப்பாடு உள்ள இடத்துக்குப் போறது நல்லதுதானே. குடும்பச் சண்டைக்குள்ள நீர் ஏன் தலையைப் போடுறீர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.  ஒரு பிள்ளைக்குத் தகப்பன் உயிரோடு இருக்கிறார், தாய்க்கு அவரோடு இருக்க விருப்பம். பிள்ளை தூக்காமல் நித்திரை கொள்ளுதில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த வீட்டை உடைக்கப் போகிறார்கள். நித்திரை பழக்குவது என் வேலை. என் வேலையில் நான் தோற்று ஒரு வீடு உடைய நான் விடமாட்டேன். இதை அவருக்குச் சொன்னேன். "பிடிவாதம்" என்றார். ஓம் என்றேன்.

முதலில் படுக்கை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் கூரை வளையில் சேலையைக் கட்டி ஏணை தொங்கவிடுவார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏணைக்குள் பிள்ளை ஆழ இறங்கி மடிந்து கிடக்கும், சேலை முகத்தில் விழும். விழுந்தால் விலக்கக் கை வேண்டும். மண் நிலத்தில் விடவும் ஏலாது, எறும்பு. மீன்பெட்டி நாறும். கிளினிக்கில் பஞ்சும் துணியும் வைக்கிற அலுமாரியின் பெரிய லாச்சி, அந்த இழுப்பறை, என் ஞாபகத்துக்கு வந்தது. இழுத்தெடுத்துச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு இடமாற்றம் வந்துவிட்டதென்று வழியில் இரண்டு பேர் கவலைப்பட்டார்கள்.

"பெட்டியில பிள்ளையை வளர்த்தக் கூடாது மிஸ்ஸி, சகுனம் சரியில்லை" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இது பெட்டி இல்லை. லாச்சி."

மேற்பார்வைத் தாதி வந்து அலுமாரியில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, அரசாங்கச் சாமான் எங்கே என்று கேட்டார். அரசாங்கத்தின் பிள்ளை ஒன்று அதில் படுத்திருக்கிறது என்றேன்.  பிறகு ஒருநாள் அந்த ஓட்டைக்கு ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தார். அவருக்கு அதற்காக நான் எப்போதும் நன்றியுடையவள்.

அடுத்தது ஒழுங்கைச் சனம். கதவைச் சாத்தினேன். பால் குடித்து முடிந்ததிலிருந்து பிள்ளை எழும்பும்வரை ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்றேன். என்ன கதையெல்லாம் கேட்டேன் என்பதை இங்கே எழுத முடியாது. பெற்றுப் பார்க்காதவள், கல் நெஞ்சுக்காரி, இவையெல்லாம் அதில் மெல்லிய சொற்கள். வந்த கண்ணீரைப் பாலையூற்றுக்கு வரும் வழியில் விட்டுவிட்டு, அடுத்தநாள் திரும்பவும் கதவைச் சாத்தினேன்.

பாக்கியத்துக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகமில்லை. முழு நித்திரையில் கிடத்தாமல், கண் சொக்கி வரும்போதே கிடத்த வேண்டும். அப்போதுதான் கிடக்கிற இடத்தைப் பிள்ளை தானே அறிந்து நித்திரைக்குப் போகும். கால் முதலில் படவேண்டும், பிறகு முதுகு, தலை கடைசியில். மல்லாக்கக் கிடத்திய பிறகு கையை நெஞ்சில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். அனுங்கினால் பார், தூக்காதே. அழுதால் கையை வை, கதை. அப்படியும் அடங்காவிட்டால் தூக்கி ஆற்றிவிட்டு மறுபடி கிடத்து. சில நாள் சரிவந்தது. சில நாள் நாங்கள் இருவரும் வேர்த்துப்போய் நின்றோம். ஆனாலும் ஒரு கிழமைக்குள் பாக்கியத்தின் கை நெஞ்சில் இருந்தால் பிள்ளை லாச்சிக்குள் நித்திரையானது.

அதுதான் சங்கடம். பாக்கியத்தின் கை வாடியில் மீன் வெட்டப் போய்விடும். பசித்தால் அவளைக் கூப்பிட்டுவிடலாம், ஒவ்வொரு நித்திரைக்கும் கூப்பிட ஏலாது. வீட்டில் இருக்கப் போவது தங்கராசா.

ஒரு மத்தியானம், பிள்ளை லாச்சிக்குள் சிணுங்கத் தொடங்கிய நேரம், பாக்கியத்தை அசைய விடாமல் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தார். எட்ட நின்றார்.

"நெஞ்சில வையுங்கோ" என்றேன்.

"எதை மிஸ்ஸி வைக்கிறது? எனக்கென்ன கை இருக்கோ?"

"இருக்கிறதை வையுங்கோ."

"பிள்ளை பயந்திடும்."

"தங்கராசா, இவன் பிறந்து ரெண்டு கிழமை. கை எண்டா எப்பிடி இருக்கும் எண்டு இவனுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

 அவர் லாச்சிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, பல்லால் துவாயை இழுத்து அவிழ்த்தார். அந்த இடது கையை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். தோல் மூடி, மினுக்கமாக, மெத்தென்று இருந்தது. பாரம் முழுக்கப் பிள்ளையில் விழாமல், முழங்கையை லாச்சி விளிம்பில் ஊன்றச் சொன்னேன். நுனியை நெஞ்சில் வைத்தார். பிள்ளையின் சின்னக் கை வந்து அதன் மேல் விழுந்து, விரிந்து, அங்கேயே கிடந்தது.

சிணுங்கல் நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. குறைந்தது.

"பாட்டொண்டு படியுங்கோ."

"எனக்குப் பாட்டு வராது மிஸ்ஸி."

"அப்ப கதையுங்கோ."

என்ன கதைப்பது என்று தெரியாமல், அவர் கடலைச் சொல்லத் தொடங்கினார். முனையைத் தாண்டினால் கல்லு, மகன். கல்லுக்கு வெளியில மணல். மணல் முடியிற இடத்தில கல்லுப் பார் ஒண்டு கிடக்கு, அதில வலை போடக்கூடாது, கிழிச்சுப் போடும். கரையிலிருந்து ஆழத்துக்கு ஆழம், மெல்லிய குரலில், ஒவ்வொரு இடமாக. பிள்ளை எந்தப் பாரில் கண்ணை மூடியதோ தெரியாது. அவர் நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து நீர் ஓட ஓடச் சொல்லிக்கொண்டே இருந்தார். துடைக்கக் கை இல்லை, இருந்த கையும் பிள்ளையிடம் இருந்தது. பாக்கியம் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். நானும் அழுதேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

இப்படியே முப்பத்தொன்று வந்தது. அன்று நடக்கப் போவதை நான் கணித்திருக்கவில்லை. துடக்குக் கழித்து, வீடு கழுவி, சனம் வந்துவிட்டது. விசேசநாளில் நான் கதவைச் சாத்த முடியுமா? பிள்ளை கை மாறி, கை மாறி, படலைவரை போய், திரும்பி வந்து, ஒரு கண் மூடாமல் மத்தியானம்வரை ஊர்வலம் போனது. நாகமணி வந்து இறங்கியபோது வீடு முழுவதும் அழுகைச் சத்தம். அவர் கையில் ஏணை கட்டுவதற்கு ஒரு புதுச் சேலை இருந்தது. அதை அந்த வீட்டு வளையில் கட்டும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. மற்றக் கையில் தங்கச்சியின் உடுப்புக்கு ஒரு வெறும் பெட்டி.

"கேக்குதுதானே" என்றார் பாக்கியத்திடம். "உடுப்பை எடுத்து வை. பின்னேர பஸ்ஸில போவம்."

வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். சிலருக்கு முகத்தில் சிரிப்பு. தங்கராசா கையைத் துவாய்க்குள் ஒளித்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளை கத்தும், நீங்கள் சொன்னது பிழை என்று காட்ட அந்த ஒரு சத்தமே போதும். முதலில் பிள்ளையைப் பாருங்கள், மானத்தைப் பிறகு பார்க்கலாம். நான் பிள்ளையை வாங்கிப் பாயில் வைத்து அவிழ்த்துப் பார்த்தேன். வயிறு மென்மையாக இருந்தது. காய்ச்சல் இல்லை. துணியில் ஊசி குத்தவில்லை. நிறம் நல்லது. பாக்கியத்திடம் கொடுத்தேன், கொஞ்சம் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கத்தியது. ஒரு நோவும் இல்லை, பசியும் இல்லை. நித்திரைக்குக் கெஞ்சுகிற பிள்ளை. இவ்வளவையும் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிவாதம் பிடிக்க உரிமை வந்தது.

"எல்லாரும் வெளியில போங்கோ" என்றேன். "நாகமணி அண்ணை, நீங்கள் இருங்கோ. நீங்கள்தான் பாக்க வேணும்."

பாக்கியம் பிள்ளையை லாச்சிக்குள் கிடத்திவிட்டு, நான் சொல்லாமலே எட்ட விலகி நின்றாள். அவளுக்கு அது எவ்வளவு பாரம் என்று அவளுடைய உதட்டில் தெரிந்தது. நாகமணி குனிந்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"பிள்ளை அழுகுது மிஸ்ஸி. இது பாவம்."

"தகப்பன் இருக்கிறார்" என்றேன்.

தங்கராசா மூலையை விட்டு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டு வந்தால் அது என் வெற்றியாகத்தான் இருக்கும், அந்த வீட்டுக்கு அது உதவாது. என் இரண்டு கையையும் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் அந்தக் கைகள் தூக்கத்தான் துடித்தன. பிள்ளையின் குரல் ஏறியது. இனி நானே தூக்கிவிடுவேன், பாக்கியம் குச்சவெளிக்குப் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அப்போது அவர் வந்தார். துவாயைப் பல்லால் இழுத்து, தன் மச்சானுக்கு முன்னால், நிலத்தில் போட்டார். முழங்காலில் இருந்தார். முழங்கையை விளிம்பில் ஊன்றினார். கையை வைத்தார்.

"முனையைத் தாண்டினா கல்லு, மகன்" என்றார்.

நேரம் எடுத்தது. கதையில் வருகிற மாதிரி உடனே அடங்கவில்லை. மணலுக்குப் போனார், பாருக்குப் போனார், திரும்பக் கரைக்கு வந்து மறுபடி தொடங்கினார். நடுவில் ஒருதரம் பிள்ளை ஓய்ந்து, உடனே வீரிட்டது. நாகமணி காலை முன்னால் எடுத்து வைத்தார். தங்கராசா நிமிரவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கத்தல் அழுகையானது, அழுகை சிணுங்கலானது. பிறகு ஒரு நீண்ட மூச்சு. வெளியே நின்ற பெண்களும் கதையை நிறுத்தியிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தால் பிள்ளை முகத்தைச் சுளித்து அனுங்கியது. நாகமணி பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"அது நித்திரையில அனுங்கிறான்" என்றார் தங்கராசா.

நீட்டிய கை அப்படியே நின்றது. அனுங்கல் அடங்கியது. தங்கராசா கையை மெல்ல எடுத்தார். பிள்ளை அசையவில்லை.

நாகமணி வெகுநேரம் லாச்சிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தங்கராசாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. எப்போதும் தங்கச்சியிடம்தான் சொல்லுவார், "அவன்" என்றுதான் சொல்லுவார் என்று பாக்கியம் சொல்லியிருந்தாள்.

"மச்சான்" என்றார் மெதுவாக. "இவனை நான் ஒருக்காத் தூக்கட்டோ?"

தங்கராசா பிள்ளையின் மூச்சைப் பார்த்தார்.

"இப்ப வேண்டாம்" என்றார். "எழும்பினாப் பிறகு தூக்குங்கோ."

பாக்கியம் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். நாகமணி அதில் இருந்தார். பின்னேர பஸ் போகிற நேரமும் வந்தது, போனது. அவர் எழும்பவில்லை. பிள்ளை எழும்பட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.